தாயாரின் விருப்பப்படி

ஜூன் 3

தம்பிக்கு,

நானும் வாலுவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்பு மடித்தால் வேறெப்படி இருக்கும்? போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் கத்துகிறேன், உடனே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

விஷயத்துக்கு வருகிறேன். வாலு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள் அல்லவா? நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குக் காது கேட்காததற்காக இல்லை. அதுதான் காரணமென்றால் நான் சண்டைக்குத் தயாராகவே போயிருந்தேன். மதிப்பெண் சான்றிதழில் கணிதம் என்ற இடத்தில் எண் இல்லை, ‘விலக்கு’ என்று இருக்கிறது. கணக்குப் பரீட்சை எழுதாதவர்களை லேத்தில் சேர்க்க மாட்டார்களாம்.

“காது கேக்காத பிள்ளைங்களுக்கு அது சட்டம்தானே சார்?” என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அப்படி ஒரு சட்டமும் இல்லம்மா. வீட்டுலருந்து யாராவது எழுதிக் கேட்டாத்தான் விலக்கு குடுப்பாங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்றவள் நான் யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை. அவள் ஒன்பதாவது படிக்கும்போது நீதான் சொன்னாய், சட்டமே அப்படித்தான் அக்கா என்று. உன் அத்தான் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் இருந்துவிட்டேன். கணக்குக்கும் காதுக்கும் என்னடா சம்பந்தம்?

அப்போது நீ அதே பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. யார் எழுதிக் கேட்டது என்று விசாரித்து உடனே எழுது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கல்வி அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது, நல்லபடியாக முடிய வேண்டும். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அலட்சியமாக இருக்காதே.

பாப்பா விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் அதெல்லாம் பழைய கதை அக்கா. அப்போது பல பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தார்கள். அந்தத் தலைமை ஆசிரியரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது கோப்பைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

நடக்கிற காரியத்தைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு மேலாளராக இருக்கிறார். உங்கள் ஊரிலேயேதான். பாப்பா மாதிரிப் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு பகுதி நடத்துகிறார். அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம், மின்விசிறி உண்டு. லேத் என்றால் இரும்பும் எண்ணெயும் சுழலும் இயந்திரமும். பின்னாலிருந்து யாராவது கத்தினால்கூட அவளுக்குக் கேட்காது. நிதானமாக யோசித்துப் பார்.

பாப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

உன் ரத்தக் கொதிப்பு இறங்கட்டும். என்னுடையது ஏறிவிட்டது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் பதில் எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். மின்விசிறி இருக்கிறது, ஒத்தடம் இருக்கிறது, பதிலைத்தான் காணோம்.

பாப்பா மாதிரிப் பிள்ளைகள் என்றால் என்ன மாதிரிடா? தெருமுனை லேத் பட்டறைக்கு இரண்டு வருஷமாகச் சாயங்காலம் போகிறாள். பட்டறைக்காரர் யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் கிடையாது. பெற்ற மகனையே தினம் நாலு வார்த்தை திட்டுகிறவர். அவரே சொல்கிறார், “இவ அளவு பார்த்துக் குடுத்தா நான் மறுபடி பார்க்குறதில்ல” என்று. இவளை மூலையில் உட்காரவைத்து லேபிள் ஒட்டச் சொல்கிறாயா?

பயிற்சி நிலையத்துக்கு மறுபடி போனேன். அந்த அதிகாரி நல்ல மனுஷர். ஒரு வழி இருக்கிறதாம். விலக்குப் படிவத்தைக் கொடுத்தது யாரோ, அவரே ‘தாயாரின் சம்மதம் கேட்காமல் கொடுத்தேன்’ என்று கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் செப்டம்பரில் தனித்தேர்வாகக் கணக்கு எழுத விடுவார்கள். தேறினால் இந்த வருஷமே இடம் உண்டு. ஆகஸ்ட் 20க்குள் அந்தக் காகிதம் போய்ச் சேராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். வாலுவும் கூடத்தான் வந்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் நானே டக் டக்கென்று பதில் சொன்னேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

பள்ளியில் கோப்பைக் காட்டச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் காட்டுவதற்கு முன்னால் நீ சொல்லிவிட்டால் எனக்கு அரை நாள் சம்பளம் மிச்சம். யார் அந்தப் புண்ணியவான்?

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். அலுவலகத்தில் தணிக்கை நடப்பதால் உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பேக்கிங் பிரிவு விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். பென்சிலால் குறியிட்ட மூன்று இடங்களில் பாப்பா கையெழுத்துப் போட்டால் போதும்.

பள்ளிக்கு அலைந்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூலை 22

டேய்,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை.

கோப்பைப் பார்த்துவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்து, பிறகு ஒரு பெண் தூசி தட்டிக் கொண்டுவந்து போட்டாள். நீலப் படிவம். பெயர், வகுப்பு, குறைபாட்டின் தன்மை, எல்லாம் முத்து முத்தான எழுத்தில். அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? சிலேட்டில் கை பிடித்து எழுதவைத்தவளே நான்தான். பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் உன் கையெழுத்து. விலக்குக் கோரும் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? ‘தாயாரின் விருப்பப்படி.’

என் விருப்பப்படி! என் விருப்பம் என்ன என்று எந்த வாயால் என்னைக் கேட்டாய்? கணக்கு அவளுக்கு வராது என்று நான் எப்போது சொன்னேன்? இரண்டு மாதமாக ‘யார் யார்’ என்று உன்னையே கேட்டுக்கொண்டு, பைத்தியக்காரி மாதிரி அலைந்திருக்கிறேன். நீயும் கமுக்கமாக இருந்துகொண்டு ஒத்தடம் கொடு என்கிறாய். எப்படிடா மனசு வந்தது? கூடப் பிறந்தவன்தானே நீ?

நீ நிரப்பி அனுப்பிய விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். நிரப்புவதில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே. இப்போது உன் கையால் நான் சொல்வதை எழுது. என்னைக் கேட்காமல் கொடுத்தாய் என்று எழுதி அனுப்பு. ஆகஸ்ட் 20.

அக்கா


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

இரண்டு வாரம் ஆகிறது. போனை எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி எடுத்து, “அவருக்கு உடம்பு சரியில்ல அண்ணி, தூங்குறாரு” என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு என்னடா தூக்கம்?

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. எழுதப்போகிறாயா இல்லையா? அதை மட்டும் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

உடம்பு சரியில்லை என்பது பொய்தான். உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் தலைமை ஆசிரியருக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் வெறி பிடித்திருந்தது. கணக்கில் தவறக்கூடும் என்று நினைத்த பிள்ளைகளில், உடம்பில் ஏதாவது குறை இருந்த ஆறு பேரைப் பொறுக்கினார்கள். விலக்கு வாங்கிவிட்டால் அவர்கள் கணக்கில் தவறியதாக வராது. பெற்றோரிடம் ‘சட்டம்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. நான் அப்போது தற்காலிக ஊழியன். “இதைச் சத்தமில்லாம முடிங்க, உங்களை நிரந்தரம் பண்றது என் பொறுப்பு” என்றார். ஐந்து வீட்டில் கையெழுத்து வாங்கினேன். உன்னிடம் வர முடியவில்லை. நீ கேள்வி கேட்பாய். பள்ளிப் பதிவேட்டில் நான் பாதுகாவலர் என்று இருந்ததால் நானே போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று, நான் பாப்பாவைக் கேட்காமல் செய்யவில்லை. அவள் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு அழுவதை நானே பார்த்திருக்கிறேன். அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், கணக்கு வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று. தலையாட்டினாள். பாவம், குழந்தைக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது நான் எழுதிக் கொடுத்தால் பதவி உயர்வு போய்விடும், விசாரணை வரும். வேலையே போனாலும் போகலாம். இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் தவறு நேர்ந்துவிட்டது என்று பொதுவாக எழுதினால் போதாதா? வேறு வழி இருந்தால் சொல்லு, உன் காலில் விழுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 12

மாமாவுக்கு,

நலமா? அத்தையும் பிள்ளைகளும் நலமா? அம்மா உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கி எறிந்துவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். அம்மா எழுதியவற்றைத் தபால் பெட்டியில் போடப் போனதும் நான்தான், அவற்றையும் படித்துவிட்டுத்தான் போட்டேன். என்னைப் பற்றிய கடிதத்தை நான் படிப்பது தப்பில்லை.

முதலில், எனக்குப் பதினெட்டு வயது. நான் பாப்பா இல்லை.

நான் தலையாட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் குனிந்து படிவத்தை எழுதிக்கொண்டே பேசினீர்கள். உங்கள் வாய் எனக்குத் தெரியவில்லை மாமா, வழுக்கை மட்டும்தான் தெரிந்தது. என்ன கேட்டீர்கள் என்றே எனக்குத் தெரியாது. புரியாவிட்டால் நான் தலையாட்டிவிடுவேன். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், தலையாட்டினால் விட்டுவிடுவார்கள். பள்ளியில் பத்து வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன். பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டை வைத்துக்கொண்டு அழுதேன், உண்மைதான். கணக்கு கஷ்டம் என்று அழவில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையோடுதான் பேசுவார். நாற்பது நிமிஷமும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீங்களும்தான் அழுவீர்கள். அவரைத் திரும்பி நின்று பேசச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதை விட்டுவிட்டு என்னை வெளியே அனுப்பினீர்கள். அந்தப் பாடவேளைகளில் நூலகத்தில் உட்கார்ந்து புத்தக முதுகில் நம்பர் ஒட்டினேன். இரண்டு வருஷம். ஒட்டுகிற வேலையில் எனக்கு அனுபவம் ஏற்கனவே உண்டு, மறுபடி சிபாரிசு செய்ய வேண்டாம்.

பக்கத்துப் பெஞ்சுக்காரியின் நோட்டுகளை வாங்கி, இரண்டு வருஷக் கணக்கையும் நானே போட்டுப் பார்த்துவிட்டேன். காது போனவள் கையை வைத்தே இயந்திரத்தைப் புரிந்துகொள்வாள் என்று யாராவது கதை கட்டினால் எரிச்சலாக வருகிறது. எனக்கு அளவு பார்க்கப் பிடிக்கும். கடைசல் முடிந்து, அளவு சரியாக வந்து உட்காரும்போது யாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான்.

அம்மா மேலும் கோபம்தான். அவள் இதைப் படிப்பாள், படிக்கட்டும். அதிகாரி கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாளாம். கேள்வி என்னைப் பற்றியது. நீங்கள் இருவரும் போனில் பேசும்போது என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் உதட்டைப் படித்துவிடுவேன் என்று. அவள் திரும்பினாலே எனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து அம்மாவின் முதுகைப் பார்த்தே என் சேதியை நான் தெரிந்துகொள்கிறேன்.

‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். மழையா அது, தானாக நேர்வதற்கு? நீங்கள் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு மட்டும் எழுதாதீர்கள், ஆறு பேருக்கும் எழுதுங்கள். உங்கள் வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்து எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அத்தை முகம் கண்ணுக்குள் நிற்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். என் வேலை போகும் என்று அன்று நீங்கள் யோசிக்கவில்லையே.

வாலு


ஆகஸ்ட் 16

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷமாக உன்னைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் சரி. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று காலை கல்வி அலுவலகத்தில், என் மேலதிகாரி கையிலேயே கொடுத்துவிட்டேன். ஆறு பேரின் பெயரும் அதில் இருக்கிறது. ‘பெற்றோரிடம் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன், ஒரு படிவத்தில் தாயாரைக் கேட்காமல் நானே கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் படித்துவிட்டு, “கொஞ்சம் யோசிச்சு நாளைக்குக் குடுங்களேன்” என்றார். நாளைக்கு என்றால் கொடுக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அத்தை என்னோடு பேசவில்லை.

நகலைப் பயிற்சி நிலையத்தில் நீயே கொடு.

மாமா


அக்டோபர் 8

தம்பிக்கு,

நலமா? உன்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள் என்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள், அழுதாள். அவளுக்காக எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. உனக்காக இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுத வரவில்லை. போகட்டும்.

வாலு கணக்கில் அறுபத்து மூன்று எடுத்திருக்கிறாள். எழுபது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று லேத் பிரிவில் சேர்த்தாயிற்று. அங்கிருந்த பயிற்றுநர் எல்லாரையும்போல என்னைப் பார்த்து, “பொண்ணுக்கு மிஷின்னா பயமில்லையாம்மா?” என்று கேட்டார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அவர் என்னையே பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். கடைசியில் இவள் அவர் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி அவரைத் தன் பக்கம் திருப்பி, அவருடைய பேனாவையே எடுத்து ஏதோ எழுதினாள். அவர் சிரித்துவிட்டார். என்ன எழுதினாய் என்று வழியெல்லாம் கேட்டேன், சொல்லவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மற்ற ஐந்து பேருக்கும் கணக்கு எழுத அனுமதி வந்திருக்கிறது. எங்கே வந்திருக்கிறது தெரியுமா? கல்வி அலுவலக மாடியில், அறிவிப்புப் பலகையில். யார் வீட்டுக்கும் ஒரு காகிதம் போகவில்லை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்க வீடு தேடி ஆள் அனுப்பத் தெரிந்தது, திருப்பிக் கொடுக்க மட்டும் பலகையில் ஒட்டுகிறார்களாம். நவம்பர் 30 கடைசித் தேதி. அந்தப் பிள்ளைகள் மாடி ஏறிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதில் ஒரு பிள்ளைக்குக் கால் வராது.

நீ இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறாய். அந்த ஐந்து வீடும் உனக்குத் தெரியும். படிவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நில். வந்தால் நம் வீட்டில் தங்க வேண்டாம், வேறு எங்காவது தங்கிக்கொள். திட்டினால் வாங்கிக்கொள். ஐந்தும் முடிந்த பிறகு இங்கே வா, சாப்பாடு போடுகிறேன். அதற்கு முன்னால் வராதே.

அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

நலம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இருந்து எழுதுகிறேன். உன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். வரவில்லை, பயப்படாதே.

இன்று முதல் வீட்டுக்குப் போனேன். பார்வை மிகக் குறைவான அந்தப் பெண், வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள். வழியெல்லாம் அடி வாங்கத் தயாராக மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்த விஷயத்தை நான் ஆரம்பிப்பதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான்யா அன்னிக்கு எம்பொண்ணைக் காப்பாத்துனீங்க. கணக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்து பாஸ் பண்ண வெச்சீங்க. உங்களை மறக்கவே மாட்டேன்” என்றாள். மகள் இப்போது மருந்துக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாளாம், அதே பகுதியில். அங்கே மின்விசிறி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை அக்கா. எழுந்து நின்றுகொண்டே உண்மையைச் சொன்னேன். முழுவதும் சொல்லிப் படிவத்தைக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. “இருக்கட்டும்யா, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. இவளுக்கு இனிமே எதுக்குங்க கணக்கு?” என்று படிவத்தை என்னிடமே நீட்டினாள்.

மகள் சுவரோரமாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, அம்மா கையிலிருந்த படிவத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வெகு நேரம் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு நன்றியெல்லாம் கிடையாது” என்றாள். பேனா கேட்டாள். கொடுத்தேன். நிரப்பட்டுமா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். “கையை எடுங்க” என்றாள்.

அவளே நிரப்பி, அவளே கையெழுத்துப் போட்டாள். நான் தொடவில்லை. இன்னும் நான்கு வீடு இருக்கிறது.

தம்பி